அம்மா என் வீட்டில் இருந்தால் என் வரி குறையுமா?

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். அம்மா என்னோடதான் இருக்காங்க, அவங்களை என் கணக்கில் காட்டி வரியைக் குறைக்கலாமா? முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் பிள்ளைகளைக் காட்டிக் குறைக்கிறாரே என்றால், அது அந்த ஊர்ச் சட்டம். இந்தியாவில் வருமான வரி ஆளுக்கு ஆள் தனி. உங்களை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களுக்காகக் குறிப்பிட்ட சில செலவுகள் செய்திருந்தால் மட்டும் கொஞ்சம் கழிக்கலாம், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

முதலில் பழையதா புதியதா என்று முடிவு செய்துவிடுங்கள்: பழையதில் கழிவுகள் அதிகம், புதியதில் வரி விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது. கீழே வரும் எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. புதிய முறையில் தள்ளுபடி கிடைப்பதால் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்குச் செலவு எதுவும் காட்டாமலே கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் (பங்கு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது). சம்பளம் 14 லட்சம் என்று வையுங்கள். புதிய முறையில் வரி 81,900 ரூபாய். அதே தொகைக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமென்றால் 50,000 நிலைக்கழிவு போக இன்னும் 5.18 லட்சத்துக்கு மேல் கழிவு காட்டியாக வேண்டும். பெரிய வீட்டு வாடகையோ வீட்டுக் கடனோ இல்லாதவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை, அவர்கள் பேசாமல் புதியதுக்குப் போய்விடலாம்.

பழைய முறையில்தான் இருக்கிறீர்களா, சரி, அப்படியென்றால் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் காட்டுங்கள். 60 வயது தாண்டியிருந்தால் 50,000 வரை. அவர்கள் உங்களை நம்பி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பென்ஷன் வாங்கினாலும் பிரீமியம் கட்டுவது நீங்கள் என்றால் போதும். மாமனார் மாமியாருக்கு நீங்கள் கட்டினால் செல்லாது, உங்கள் மனைவி தன் கணக்கில் கட்டிக் காட்டலாம். காப்பீடே இல்லாத மூத்தவர்களுக்கு மருந்து, ஆஸ்பத்திரிச் செலவை அதே வரம்புக்குள் காட்டலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. மருந்துக் கடையிலும் ஜிபேயில் கட்டுங்கள். வீட்டில் மாற்றுத்திறனாளித் தம்பியோ தங்கையோ உங்களை நம்பி இருந்தால் 80டிடி-யில் 75,000, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1.25 லட்சம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், செலவு அதைவிடக் குறைவாக இருந்தாலும் முழுத் தொகையும் கிடைக்கும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது எஃப்டி. உண்மையில் பணம் வீணாவது இங்கேதான். எங்கள் பெரியம்மாவுக்கு 63 வயது, ஒரே வங்கியில் 15 லட்சம் டெபாசிட், வட்டி ஏழரை சதவீதம், வருடத்துக்கு 1,12,500. மூத்த குடிமக்களுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கும், 11,250 போய்விட்டது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000, அதில் 25,000 கழிவு போக, எல்லாம் கூட்டினாலும் 3,51,500தான், புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்குத் தள்ளுபடி இல்லாமலேயே வரி கிடையாது. எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்று சொல்லும் 15எச் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது 15ஜி ஆக இருந்தது. இரண்டு வங்கி என்றால் இரண்டிலும், ஒவ்வொரு வருடமும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவ எண்கள் மாறிவிட்டன, கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், அதற்கு முன் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள், சரிபார்க்காவிட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

மனைவி பெயரில் பணம் போட்டால் வட்டி அவர் வருமானம்தானே என்று கேட்பார்கள். இல்லை, உங்கள் பணத்தை அவருக்குக் கொடுத்திருந்தால் அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். 18 வயது ஆகாத பிள்ளை பெயரில் போட்டால் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். அம்மாவுக்குக் கொடுத்தால் சேராது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், அது அம்மாவின் சொத்து, அவருக்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. 10,000 வரி மிச்சம் பிடிக்கப் போய்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசு உதவித்தொகை என்று வந்தால் கணக்கே தலைகீழ், அங்கே குடும்பத்தைத்தான் பார்ப்பார்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பம் என்பது ஒரே ரேஷன் கார்டில் இருப்பவர்கள். பி.எம். கிசானில் கணவன், மனைவி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும்தான் குடும்பம், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் அவர்களில் ஒருவர் வருமான வரி கட்டியிருந்தாலும் பணம் வராது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் வரி கட்டுகிறான் என்பதற்காக ஊரில் அப்பாவின் பணம் நிற்காது.

பெரியம்மாவுக்கு அந்த 11,250 வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அதில் 5,000 எடுத்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு, இதுக்கும் வரி உண்டா என்று என்னிடம் கேட்டார். பாட்டி பேரனுக்குக் கொடுப்பதற்கு எவ்வளவு என்றாலும் வரி கிடையாது.