தகரக் கூரையின் கீழ் பேய்ப்படம்: ஒக்டோபர் 31, ஹாலோவீன் இரவுக்கு ஒரு செய்முறை

பேய்ப்படத்தில் பாதிப் பயம் காது வழியாகத்தான் வருகிறது. கதவு கிறீச்சிடுவதற்கு முந்தைய அந்த நாலு விநாடி அமைதி இல்லையென்றால் அது வெறும் கதவுதான். இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த பத்து’ பட்டியல்கள் இலங்கை மலையகத்துக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம். ஒக்டோபர் கடைசியில் இங்கே பின்னேரமானால் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். தகரத்தில் அந்த மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே முதலில் வானத்தைப் பாருங்கள், படத்தைப் பிறகு முடிவு செய்யலாம்.

படி 1: மழைக்கு ஒன்று, மழையில்லாத இரவுக்கு ஒன்று

இரண்டு படத்தையும் இரண்டு நாளைக்கு முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். மழை நேரத்தில் பள்ளத்தில் இருக்கும் லயங்களுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) சிக்னல் வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. சில ஆப்களில் இறக்கிய படம் போனில் மட்டும்தான் ஓடும், டீவிக்கு அனுப்ப விடாது. அதையும் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கொட்டும் மழையென்றால் அறிவழகனின் ‘ஈரம்’ (2009). அதில் பயமே தண்ணீரில்தான் இருக்கிறது. கூரைச் சத்தம் படத்தைக் கெடுக்காது, படத்தோடு சேர்ந்துகொள்ளும். அடுத்தது அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ (2015). நான்கு நண்பர்கள் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (லயத்து அறையில்) தோளோடு தோள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த மூச்சுமுட்டலை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தூறல் மட்டும் என்றால் விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). ஒரு டீவித் தொடரில் வருவது ஒரு குடும்பத்துக்கு நடப்பதோடு ஒத்துப்போகும் கதை அது. வசனம் நாலு தவறினால் நூல் அறுந்துவிடும், அதனால் பெருமழையில் போடாதீர்கள்.

மழையே இல்லையா? கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012). இருட்டு வீடு, கையில் ஒரு டோர்ச், அவ்வளவுதான். ஆங்கிலம் சரி என்றால் ‘எ குவாயட் பிளேஸ்’ (2018): ஒன்றரை மணி நேரப் படம், பேச்சு மிகக் குறைவு. சைகை மொழிக்கு எழுத்து வரும், அதை வாசிக்கும் தூரத்தில் உட்காருங்கள். வெளியே மூடுபனி இறங்கி எதிர் மலை மறைந்துவிட்டதென்றால் நிக்கோல் கிட்மன் நடித்த ‘தி அதர்ஸ்’ (2001). பனி சூழ்ந்த பெரிய வீடு, வெளிச்சம் படக்கூடாத இரண்டு பிள்ளைகள், எந்நேரமும் இழுத்து மூடிய திரைச்சீலைகள். பழைய துரை பங்களாக்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும்.

படி 2: அந்த நாளின் படத்தைப் பார்க்க விரும்பினால்

ஜோன் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) ஒக்டோபர் 31 அன்றே நடக்கும் கதை. 91 நிமிடம். இசையும் அவரே. தாளம் ஐந்து எண்ணிக்கையில் போகிறது. விரலால் தட்டிப் பாருங்கள், நாலுக்குப் பழகிய கை ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் வயிற்றில் பிசைகிறது.

படத்தில் ரத்தம் குறைவு. பயமெல்லாம் திரையின் ஓரத்தில் நிற்கிறது. ஓர் இடத்தில் கதாநாயகி தன் அறை ஜன்னல் வழியே கீழே பார்ப்பாள். பட்டப்பகல். பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருக்கும், நடுவில் முகமூடி போட்ட உருவம் ஒன்று சும்மா நின்று மேலே பார்க்கும். அடுத்த பார்வையில் துணி மட்டும்தான். லயத்து வாசலில் கொடி கட்டியிருப்பவர்கள் அன்று பகலிலேயே துணியை எடுத்துவிடுவது நல்லது.

புதியவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இது அகலத்திரைப் படம், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். பட்டை பிடிக்காமல் ரிமோட்டில் ‘சூம்’ அழுத்தினால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். ஓரத்தில் நின்ற உருவமும் போய்விடும், பிறகு “இதில் என்ன பயம்?” என்பார்கள். பட அளவை ‘ஒரிஜினல்’ அல்லது ‘16:9’ இல் விட்டுவிடுங்கள். கொலையும் நிர்வாணக் காட்சியும் உண்டு, பிள்ளைகளுக்கு ஆகாது.

படி 3: சத்தம்

வசனம் முணுமுணுப்பாகவும் அலறல் காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் குற்றம் பெரும்பாலும் டீவி அமைப்பில் இருக்கிறது. ஆறு ஸ்பீக்கருக்குக் கலந்த ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் பிழியும்போது நடு ஸ்பீக்கரில் வரவேண்டிய பேச்சு அமுங்கிவிடும். ஓடியோவை ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றுங்கள். ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். பிறகு கிசுகிசுக்கும் காட்சி ஒன்றை ஓட்டி அளவு வைத்து, அதே அளவில் ஓர் அலறலையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் இடையில் ஒரே சுவர். அங்கே கைக்குழந்தை இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம்.

புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி சிறிது பிந்தும். வாய் திறந்து மூடிய பிறகு அலறல் வந்தால் பயம் சிரிப்பாகிவிடும். 3.5 மில்லிமீட்டர் வயரில் கொடுங்கள். ஸ்பீக்கரை அலுமாரி மேல் வைத்தால் பலகை அதிரும், துவாயை நாலாக மடித்து அடியில் வையுங்கள்.

படி 4: வெளிச்சம்

படமுறையை ‘சினிமா’ அல்லது ‘மூவி’க்கு மாற்றுங்கள். ‘விவிட்’ முறை இருட்டை நீலச் சாம்பலாக்கும். எல்லா விளக்கையும் அணைக்கத் தேவையில்லை. டீவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி 3 வாட் மஞ்சள் பல்ப் ஒன்று எரியட்டும். கண் களைக்காது, திரையில் உங்கள் முகமும் தெரியாது.

படி 5: மின்னல்

இதை லேசாக எடுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அவ்வளவு கிட்ட வருமுன்பே டீவி பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது; வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள். மடிக்கணினியைப் பின்னேரம் மூன்று மணிக்குள் முழுதாக சார்ஜ் செய்து வைத்தால் மீதிப் படத்தை பற்றரியில் பார்க்கலாம். கரண்ட் போய்த் திரும்பினால் ஐந்து நிமிடம் பொறுத்தே பிளக்கைச் சொருகுங்கள், வந்தவுடன் மின்னழுத்தம் ஏறி இறங்கும்.

படி 6: ஆட்கள்

2026இல் ஒக்டோபர் 31 சனிக்கிழமை. மறுநாள் பெரட்டு (தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடுவது) இல்லாத வீடுகளில் இரண்டு படம் பார்க்கலாம். பிள்ளைகள் இருந்தால் ஐந்து மணிக்கு ‘சந்திரமுகி’ (2005). பாட்டும் வடிவேலுவும் இருப்பதால் மழைச் சத்தமும் பொருட்டில்லை. எட்டு மணியளவில் முடிந்துவிடும். சோறு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு ஒன்பதுக்கு அடுத்ததைத் தொடங்குங்கள். முறுக்கு, கடலை எல்லாம் அதற்கு முன்பே தீரட்டும். அமைதியான படத்தில் ஒரு முறுக்கு உடைபடுவது கூட்டம் முழுக்கக் கேட்கும். இஞ்சித் தேத்தண்ணி போதும்.

படத்தைப் போடுமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் காவல் தெய்வமான ரோதமுனியைக் கும்பிட்டு வந்த குடும்பத்தில், பேய்க்கு முனியாண்டி என்று பெயர் வைத்த ‘முனி’ (2007) மனதை நோகடிக்கலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கத்தோலிக்க வீட்டில் ‘தி எக்ஸோர்சிஸ்ட்’ (1973) வேண்டாம். எப்படியும் முதல் பேய்ப்படமாகப் பார்க்கும் படமல்ல அது.

கழிவறை லயத்துக்கு வெளியே என்றால் படத்தின் நடுவில் பத்து நிமிடம் நிறுத்தி எல்லோரும் போய் வந்துவிடுங்கள். இருவர் இருவராக, டோர்ச்சோடு, பேசிக்கொண்டே போங்கள். பல தோட்டங்களில் இரவில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தால் வெளியே இறங்காதீர்கள்.