‘நாளைக்குக் கடை உண்டா?’: ஊரடங்கு விதிகளை எடுத்துச் சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தொற்று ஊரடங்குகள் முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் புயல் எச்சரிக்கையோ காய்ச்சல் பரவலோ வந்து கடைத்தெருவை மூடச் சொல்லும் நாளில், வணிகர் சங்கத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் செய்தியைப் பாருங்கள். 2020இல் ஊரையே அலைக்கழித்த பிழைகள் அச்சு மாறாமல் அப்படியே இருக்கும். அன்றைக்கு யாருக்கும் முன்பின் பழக்கமில்லை, மன்னித்துவிடலாம். இன்றைக்கு அந்தச் சாக்கு கிடையாது.

முகக்கவசம், ஒரு மீட்டர் இடைவெளி, சோப்புப் போட்டுக் கை கழுவுவது எதையும் இங்கே எடுக்கப்போவதில்லை. வேலைக்குப் போகலாமா, கடைக்குப் போகலாமா என்ற இரண்டு கேள்விக்கு மற்றவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருப்பவர் எங்கே சறுக்குகிறார் என்பது மட்டும்தான் பேச்சு. எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்நாட்டின் 2020, 2021 ஊரடங்குகளிலிருந்து.

144ஐயும் ஊரடங்கையும் ஒன்றாக்குவது

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு உத்தரவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில் பலருக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

இரண்டும் வேறு. 144 என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. கூட்டம் கூடுவதைத் தடுக்கவே பெரும்பாலும் பயன்படுவது. 2024 ஜூலை 1க்குப் பிறகு அதே அதிகாரம் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவாக இருக்கிறது. கடை, அலுவலகம், தொழிற்சாலை எது இயங்கலாம் என்று வரிவரியாகச் சொன்னது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் கீழ் வந்த உத்தரவுதான். ஆகவே ‘144 போட்டிருக்காங்க, கடை கிடையாது’ என்று எழுதுகிறவர் தவறான தாளைப் பார்த்துப் பதில் சொல்கிறார். விலக்குப் பட்டியல் இருப்பது மற்றொரு தாளில்.

மேல் சல்லடையை மட்டும் பார்ப்பது

இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அதிகப் பணம் போனதும் இதில்தான்.

ஊரடங்கு விதி என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய நான்கு சல்லடை. மேலே மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு. அடுத்து மாநில அரசின் அரசாணை. அதற்கடுத்து மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகராட்சி ஆணையரின் உத்தரவு. அடியில் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, அதாவது தொற்று கண்டதால் தகரம் அடித்து அடைத்த உங்கள் தெரு. ஒரு கடை திறக்க வேண்டுமானால் நான்கிலும் விழுந்து வர வேண்டும். மேல் சல்லடையில் விழுந்துவிட்டது என்பதற்காகக் கீழே வந்து சேரும் என்று அர்த்தமில்லை. மத்திய உத்தரவுகளிலேயே இது எழுதியிருந்தது: மாநிலங்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தக் கூடாது, உள்ளூர் நிலைமைக்கேற்ப இறுக்கலாம்.

இனி 2020 ஏப்ரலைப் பாருங்கள். ஏப்ரல் 15 தேதியிட்ட மத்திய வழிகாட்டுதல், சில தொழில்களும் அலுவலகங்களும் 20ஆம் தேதி முதல் இயங்கலாம் என்றது. தொலைக்காட்சியின் அடியில் ‘20 முதல் தளர்வு’ என்று வரி ஓடியது. பட்டறைக்காரர்கள் ஆட்களை வரச் சொல்லிவிட்டார்கள். 20ஆம் தேதியே தமிழக அரசு சொன்னது: மே 3 வரை இங்கே தளர்வு இல்லை.

பட்டும் புத்தி வரவில்லை. நான்கே நாளில், ஏப்ரல் 24 இரவு, உள்துறையிலிருந்து இன்னொரு உத்தரவு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் பதிவான கடைகள் திறக்கலாம். ஊழியர் 50 சதவீதம். முகக்கவசமும் இடைவெளியும் கட்டாயம். விடிவதற்குள் அது குழுக்களில் ‘நாளை முதல் எல்லாக் கடையும் உண்டு’ என்று சுருங்கிவிட்டது. உத்தரவின் வயிற்றில் இருந்த பிரிவுகள் உதிர்ந்துபோயின. கிராமப்புறத்தில் மால் தவிர மற்றவை சரி. நகரத்திலோ தனிக்கடை, அக்கம்பக்கத்துக் கடை, குடியிருப்பு வளாகத்துக் கடை மட்டும். சந்தை வளாகத்துக் கடைகளும் மால்களும் கிடையாது. வீட்டின் கீழே ஒற்றையாக இருக்கும் பேன்சி ஸ்டோர் இந்தச் சல்லடையில் விழும். பேருந்து நிலையத்துக்கு எதிரே நாற்பது கடை உள்ள ‘காம்ப்ளக்ஸில்’ இருக்கும் அதே பேன்சி ஸ்டோர் விழாது.

மறுநாள் உள்துறை விளக்கம் கொடுத்தது. பொருள் விற்கும் கடைக்குத்தான் இந்த உத்தரவு, முடிதிருத்தகம் சேவை, ஆகவே சேராது, மதுக்கடை சேராது, இணைய வணிகம் அத்தியாவசியப் பொருளுக்கு மட்டும். விற்பனை வேறு, சேவை வேறு என்ற இந்தக் கோடு அதன்பிறகும் நீடித்தது. தமிழ்நாட்டில் டீக்கடைக்கு மே 11 முதல் பார்சல் அனுமதி வந்தபோதும் முடிதிருத்தகத்துக்கு இல்லை. கிராமங்களில் மே 19, சென்னை தவிர்த்த நகரங்களில் மே 24 என்று தனித்தனியாகத்தான் வந்தது.

இவ்வளவு நுணுக்கமாக மத்திய உத்தரவைப் படித்தவருக்கும் அன்றைக்குப் பயனில்லை என்பதுதான் கூத்து. அதே ஏப்ரல் 24 அன்று தமிழக அரசு நேர் எதிர்த்திசையில் அறிவித்திருந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரையிலும், சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 26 முதல் 28 வரையிலும் முழு ஊரடங்கு. மளிகைக் கடையே கிடையாது. மேலே கதவு திறக்கிறது, கீழே தாழ்ப்பாள் விழுகிறது. திருப்பூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் மேலே நடப்பதை மட்டும் பார்த்து ஷட்டரைத் தூக்கினால் என்னென்ன வரும் என்று எண்ணிப் பாருங்கள். வேலைக்கு வரும் பையனின் இருசக்கர வாகனம் சோதனைச் சாவடியில் பறிபோகும். கடைக்குச் சீல் விழும். விதியை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188இலோ, ஓராண்டு வரை சிறைக்கு இடமுள்ள பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51இலோ வழக்கு வரும். சீலைப் பிரிக்கும் வரை உள்ளே சரக்கு முடங்கும். அதுவே பேக்கரியாக இருந்தால் கெட்டே போகும். ‘மோடியே சொல்லிட்டாரு சார்’ என்ற வாதம் எந்தச் சாவடியிலும் எடுபடவில்லை.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். கீழிருந்து மேலே பாருங்கள்.

முதலில் தெரு: கட்டுப்படுத்தப்பட்ட பகுதிப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் அதோடு முடிந்தது. மேலே ஒரு வரியும் படிக்க வேண்டாம். இல்லையென்றால் மாநகராட்சி, ஆட்சியர் உத்தரவு. அதிலும் தடை இல்லையென்றால் மாநில அரசாணை. மத்திய உத்தரவு கடைசியில்தான். பெரும்பாலான நாள்களில் மூன்றாவது படிக்கு மேல் ஏற வேண்டியே வராது.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஊரடங்கைப் படிப்படியாகத் தளர்த்திய ‘அன்லாக்’ கட்டத்தில் மத்திய அரசு சில இடங்களில் மாநிலங்களின் கையையும் கட்டியது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்கு வெளியே மத்திய அரசைக் கலக்காமல் உள்ளூர் ஊரடங்கு போடக் கூடாது என்று 2020 ஆகஸ்ட் 29 உத்தரவு சொன்னது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் (இணையவழிப் பயண அனுமதி) தேவையில்லை என்று செப்டம்பர் 1 முதல் தமிழ்நாடு அறிவித்தது இந்தப் பின்னணியில்தான். ஆனால் அதற்கும் மாநில அறிவிப்பு வந்த பிறகே சாவடியில் வழிவிட்டார்கள்.

மூடுவதை மட்டும் சொல்வது

அந்த ஐந்து நகர முழு ஊரடங்குக்கு முந்தைய நாள், ஏப்ரல் 25 சனிக்கிழமை, கடைகளிலும் சந்தைகளிலும் நின்ற கூட்டம் மறக்கக்கூடியதல்ல. அதுவரை பகல் 1 மணிக்கு மூடிய கடைகளுக்கு அன்று மட்டும் 3 மணி வரை நேரம் நீட்ட வேண்டியிருந்தது. ‘நான்கு நாள் ஒரு கடையும் கிடையாது’ என்று பரவிய செய்தி செய்த வேலை இது. மருந்துக்கடை உண்டு, அம்மா உணவகம் உண்டு, நடமாடும் வண்டியில் காய்கறி வரும் என்பதெல்லாம் அதே அறிவிப்பில் இருந்தவை. பரப்பியவர்கள் தலைப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

செய்தியின் முதல் வரியிலேயே எது உண்டு என்று போடுங்கள். எது இல்லை என்பது இரண்டாவது வரியில் வரட்டும். பால், மருந்து, காய்கறி, குடிநீர், சமையல் எரிவாயு ஐந்துக்கும் பெயர் சொல்லிப் பதில் இருக்க வேண்டும். ‘அத்தியாவசியப் பொருள்கள்’ என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. ஆவின் பூத் அதில் சேருமா என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

‘வரை’

இந்த ஒரு சொல்லால் ஒரு நாள் வியாபாரம் போகும். 2021இல் ஊரடங்கு ‘7.6.2021 காலை 6 மணி வரை’ நீட்டிக்கப்பட்டது. குழுவில் அது ‘7ஆம் தேதி வரை’ ஆனது. 7ஆம் தேதி திங்கள்கிழமை. அரசு ஆவணப்படி அன்று காலை 6 மணிக்கே புதிய விதி தொடங்குகிறது. செய்தியை நம்பியவருக்கோ அன்று முழுவதும் பழைய விதி. தேதியோடு மணியையும் எழுதுங்கள், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்து.

கடை நேரமும் இப்படித்தான். 2020 மார்ச் 29 முதல் காலை 6 முதல் பகல் 2.30 வரை, ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை. ஒரு வாரத்தில் ஒன்றரை மணி நேரம் சுருங்கியது. பழைய தாளைக் கண்ணாடியில் ஒட்டியே வைத்திருந்த கடைக்கு 1.15க்கு வந்தவரோடு வாக்குவாதம். புதிய தாளை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள், மேலே ஒட்டாதீர்கள். 1 மணிக்கு மூட வேண்டும் என்றால் 12.45க்கே வரிசையை முடித்துவிட வேண்டும். காவலர் பார்ப்பது ஷட்டரை. உங்கள் பில் மெஷினை அல்ல.

(தெளிவாக எழுதிய அறிவிப்பு எப்படியிருக்கும் என்று கேட்டால் டாஸ்மாக்கைத்தான் காட்ட வேண்டும். 2020 மே 7 அன்று கடைகளைத் திறந்தபோது 50 வயதுக்கு மேற்பட்டோர் 10 முதல் 1 மணி, 40 முதல் 50 வயதினர் 1 முதல் 3 மணி, 40க்குக் கீழ் 3 முதல் 5 மணி. வயதுக்கும் மணிக்கும் குழப்பமே இல்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது வேறு கதை.)

சதவீதத்தைத் தவறாகக் கணக்கிடுவது

2020 மே 4 முதல் சென்னை மாநகராட்சிக்குள் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ‘10 சதவீதப் பணியாளர், குறைந்தபட்சம் 20 நபர்’ என்ற வரம்போடு, நிறுவனமே வண்டி ஏற்பாடு செய்து இயங்கலாம் என்றார்கள். இந்த வரியை இருபது பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் திறக்கக் கூடாது என்று படித்தவர்கள் உண்டு. பொருள் அதுவல்ல. 60 பேர் உள்ள நிறுவனத்தில் 10 சதவீதம் என்றால் 6 பேர். ஆனாலும் 20 பேர் வரை வரலாம். 400 பேர் என்றால் 40. இரண்டில் எது பெரிதோ அது.

50 சதவீதத்தில் நடப்பது இன்னொரு கூத்து. மொத்தப் பணியாளர் 40 பேர் என்றால் வரக்கூடியது 20 பேர். காலை ஷிப்டுக்கு 20, மாலை ஷிப்டுக்கு மீதி 20 என்று முழுப் படையையும் ஒரே நாளில் வரவழைத்துவிட்டு ‘எந்நேரமும் பாதிப் பேர்தான் சார்’ என்று சொன்னால் ஆய்வுக்கு வருபவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார்.

நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்பதாலேயே ஊழியர் வந்து சேர முடியும் என்பதும் இல்லை. அடையாள அட்டை, வேலை நேரம் குறித்த நிறுவனக் கடிதம், வேறு மாவட்டத்திலிருந்து வந்தால் அதற்குரிய அனுமதி மூன்றும் கையில் இருக்க வேண்டியிருந்தது.

இ-பாஸும் இ-பதிவும்

இ-பாஸ் 2020இல் வந்தது. விண்ணப்பம் போட வேண்டும், அதிகாரி ஒப்புதல் தர வேண்டும், மறுக்கவும் செய்வார். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம், வெளியூரில் சிக்கிக்கொண்டவர் ஊர் திரும்புவது ஆகியவையே காரணங்கள். ஆகஸ்ட் 17 முதல்தான் ஆதாரோ குடும்ப அட்டையோ கொடுத்தால் தடையின்றிக் கிடைத்தது.

இ-பதிவு 2021 மே 17இல் வந்தது. ஒப்புதலுக்குக் காத்திருப்பது கிடையாது. பதிவு செய்தாலே போதும். ஆகவே பொய்க் காரணமும் எளிது. திருமணம் என்று போட்டு ஊர் சுற்றியவர்களால் அந்தக் காரணத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு புதிய நிபந்தனைகளோடு மீண்டும் சேர்த்தார்கள். உண்மையிலேயே கல்யாணம் வைத்திருந்தவர்கள்பாடுதான் திண்டாட்டம்.

இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதினால், ஒரு கிளிக்கில் முடிய வேண்டியதற்கு ஒருவர் ஒப்புதலுக்காக மூன்று நாள் காத்திருப்பார். அல்லது ஒப்புதல் வராமலே கிளம்பிவிடுவார்.

மண்டலக் கணக்கு இதற்கும் மேல். 2020 ஜூன் 1 முதல் மாநிலம் 8 மண்டலம். மண்டலத்துக்குள் போக இ-பாஸ் வேண்டாம். ஜூன் 25 முதல் மாவட்டம் தாண்டினாலே வேண்டும். 24ஆம் தேதி காலை திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போனவருக்குச் சொன்ன பதில் 25ஆம் தேதி பொய்யாகிவிட்டது.

சம்பளம்

ஊரடங்கு நாள்களுக்குப் பிடித்தம் செய்யாமல் சம்பளம் தர வேண்டும் என்ற மத்திய உள்துறையின் 2020 மார்ச் 29 உத்தரவு மே 18 முதல் நடப்பில் இல்லை. ஊரடங்கின் 54 நாள் சம்பளத் தகராறைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது உச்ச நீதிமன்றம், ஜூன் 12 அன்று. ‘ஊரடங்கு என்றாலே முழுச் சம்பளம்’ என்று எழுதாதீர்கள்.

தேதியில்லாத அறிவிப்புப் படம்

அனுப்பாதீர்கள்.

குரல் பதிவு

எழுதியே அனுப்புங்கள். நான்கரை நிமிடக் குரல் பதிவைச் சாவடியில் நிற்கும் காவலருக்குப் போட்டுக் காட்ட முடியாது. அரசாணை எண்ணும் தேதியும் உள்ள நாலு வரியைக் காட்டலாம்.