கொங்கு நாட்டுக் கோடை இடிமழை: எந்தப் பக்கம் எவ்வளவு ஆபத்து என்று கணிப்பது எப்படி?

சித்திரை, வைகாசியில் குலை தள்ளிய வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் மழைக்கு முன்னால் வரும் காற்றுதான். ‘உள் மாவட்டங்களில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு’ என்ற ஒற்றை வரி தோப்புக்காரருக்குப் போதாது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் கோபியில் வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம், காங்கேயத்தில் களத்தில் காயும் கொப்பரையை அள்ளலாம். கையில் விண்டி (Windy) என்ற வானிலைச் செயலி இருந்தால் ஆரம்பிக்கலாம்.

1. பகுதி பிரியுங்கள். மாவட்ட எல்லையை விடுங்கள், நிலத்தைப் பாருங்கள். நான் நான்காகப் பிரிப்பேன்: சத்தியமங்கலம், அந்தியூர் மலையோரம்; சேர்வராயனும் கொல்லிமலையும் உள்ள சேலம், நாமக்கல்; ஈரோடு, தாராபுரம், கரூர் சமவெளி; பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள கோவை, பொள்ளாச்சி.

2. ஈரம். காலையில் ஒவ்வொரு பகுதிக்கும் பனிநிலை வெப்பத்தை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பாருங்கள். விண்டியில் டியூ பாயிண்ட் என்று இருக்கும். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் மேகத்துக்குத் தீனி உண்டு.

3. கேப் (CAPE). காற்று மேலே எழும்ப எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதன் அளவு. பிற்பகல் 2 மணிக்கான எண்ணை எடுங்கள். 1000க்குக் கீழே என்றால் பலவீனம், 2500ஐத் தாண்டினால் பலம். ஆனால் இது எரிபொருள் மட்டும்தான்; தூண்டிவிட ஆள் இல்லாவிட்டால் 3000 இருந்தும் வானம் வெளுத்தே கிடக்கும்.

4. தூண்டுதல். மதிய வெயிலில் மலைச்சரிவு சூடாகிக் காற்றை மேலே தள்ளும். அதனால் முதல் மேகம் பெரும்பாலும் மலைமேல்தான் கட்டும். இன்னொன்று, கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் முட்டிக்கொள்ளும் இடம். விண்டியில் தரைக்காற்றின் அம்புகள் எதிரெதிராக வந்து சேரும் கோட்டைத் தேடுங்கள். கட்டிய மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு 700 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பாருங்கள்.

5. காற்றின் மூர்க்கம். என்னைக் கேட்டால், புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். வெயில் அளவுக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளியில் டிகிரிக்குச் சுமார் 125 மீட்டர் வீதம் மேகத்தின் அடிப்பகுதி உயரும். கரூரில் வெயில் 39, பனிநிலை 21 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 18, அதாவது மேகத்தின் அடி 2 கிலோமீட்டருக்கும் மேலே. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் மழை வழியிலேயே வறண்ட காற்றில் ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனக்கும். அது தரையில் மோதி நாலாபுறமும் சீறிப் பாயும். அதே நாளில் பொள்ளாச்சியில் வெயில் 35, பனிநிலை 24 என்றால் மழை கூடுதலாகப் பெய்யலாம், காற்றின் வேகம் பொதுவாக அடங்கியிருக்கும். ஆகவே கரூருக்குக் காற்று ஆபத்து, பொள்ளாச்சிக்கு மழை, மின்னல் ஆபத்து என்று தனித்தனியாக எழுதுங்கள்.

6. நிறம் கொடுங்கள். ஈரம், கேப், தூண்டுதல் மூன்றில் ஒன்று இல்லையென்றால் பச்சை. மூன்றும் சுமாராக இருந்தால் மஞ்சள். மூன்றும் பலமாக இருந்து இடைவெளியும் 15க்கு மேல் போனால் ஆரஞ்சு. இவை நானே வைத்துக்கொண்ட அளவுகள். வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நிறத்தோடு நேரமும் சேர வேண்டும்: ‘சத்தியமங்கலம், மாலை 3 முதல் 7, ஆரஞ்சு.’

மதியத்துக்கு அப்புறம் விண்டி காட்டும் கணினி மாதிரிக் கணிப்புகளை மூடிவிட்டு இன்சாட் செயற்கைக்கோள் படத்தையும் ஆய்வு மையத்தின் மூன்று மணிநேர முன்னறிவிப்பையும் பாருங்கள். மின்னலுக்கு தாமினி செயலி இருக்கிறது. இடி காதில் கேட்டாலே மரத்தடியைவிட்டு கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

7. சரிபாருங்கள். மறுநாள் ஆய்வு மையத்தின் மழையளவுப் பட்டியலோடு உங்கள் நிறங்களை ஒப்பிடுங்கள். அந்த அளவு காலை 8.30 வரையான 24 மணி நேரத்துக்கானது. செவ்வாய் மாலை பெய்தது புதன் கணக்கில்தான் வரும். காற்றுச் சேதம் அந்தப் பட்டியலில் இருக்காது, அதைத் தோப்புக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.