பிஎச் பேனா ஈரத்தில், டிடிஎஸ் பேனா உலர்வாக: மீன்தொட்டி மீட்டர்களை எடுத்து வைக்கும் முறை

தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் பேனாவையும், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவையும் ஒரே மாதிரி எடுத்து வைத்தால் பிஎச் பேனாதான் முதலில் போகும்.

டிடிஎஸ் பேனாவின் முனையில் இருப்பது வெறும் உலோகக் கம்பிகள். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, காயவிட்டு மூடுங்கள். அவ்வளவுதான்.

பிஎச் பேனாவின் கண்ணாடிக் குமிழ் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். ஆனால் டிஸ்டில்டு வாட்டரோ ஆர்ஓ தண்ணீரோ கூடாது. இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் அதே ரகம். உப்பில்லாத தண்ணீரில் ஊறினால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கசிந்து வெளியேறும். ரீடிங் நிலையாக நிற்காது.

தேவை, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல். ரெடிமேடாகக் கிடைக்கும். வீட்டில் செய்வதென்றால்:

1. 80 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 22.4 கிராம் லேப் தர பொட்டாசியம் குளோரைடு போட்டுக் கலக்குங்கள். கரையும்போது பாட்டில் ஜில்லென்று ஆகும், பயப்பட வேண்டாம்.
2. முழுதும் கரைந்ததும் மொத்தம் 100 மில்லி வரும்வரை தண்ணீர் சேருங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பருக்கும் வாழைக்கும் போடும் பொட்டாஷும் இதே உப்புதானே என்று தோன்றும். உரப் பொட்டாஷில் மண்ணும் இரும்பும் கலந்திருக்கும், ஜங்ஷனை, அதாவது முனையில் உள்ள நுண்துளைப் பகுதியை, அடைத்துவிடும். சமையல் உப்பும் இதற்கு மாற்றாகாது.

3. தொட்டியில் அளந்து முடித்ததும் குமிழை அலசி, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கீறல் விழும்.
4. குமிழ் மூழ்கும் அளவுக்கு மட்டும் மூடியில் கரைசல் விட்டு மூடுங்கள். மூடிக்குள் ஸ்பான்ஜ் இருந்தால் அது நனைந்தால் போதும். பேனாவை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.
5. மாதம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூப்பது உப்புதான், கழுவினால் போய்விடும்.

கரைசல் கைவசம் இல்லாத நாளில் பிஎச் 4 பஃபர் (மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும், பிஎச் தெரிந்த கரைசல்) விடலாம். அதுவும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீர், ஓரிரு நாளைக்கு மட்டும்.

நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஈரப்பதத்தால் காண்டாக்டில் பச்சை பிடித்துவிடும்.

குமிழ் காய்ந்து போயிருந்தால் ஒரு ராத்திரி முழுக்கக் கரைசலில் ஊறவிட்டு, பிறகு பஃபர் வைத்துக் காலிபரேட் செய்யுங்கள். பிஎச் 7, பிஎச் 4 பஃபர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அந்த முனை தேறாது. முனையைத் தனியாக மாற்ற முடியாத மாடல் என்றால் புதுப் பேனாதான் வாங்க வேண்டும்.