ஊட்டிக் குளிருக்கு ஒரு சூட்: முதல்முறை போடுபவர்களுக்கு

மலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர்தான் பழக்கம். அதனால் முதல் சூட் வாங்கும்போது பலரும் மெல்லிய சட்டையோடு போய் அளவு கொடுத்துவிடுகிறார்கள். டிசம்பரில் உள்ளே ஸ்வெட்டர் போட்டால் பட்டன் பூட்டாது. என் முதல் கோட்டு அப்படித்தான் இரண்டு வருடம் பீரோவில் தொங்கியது.

முதலில் அளவு. மெல்லிய, கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டே தையல்காரரிடமோ ரெடிமேட் கடைக்கோ போங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், தோளைத் திருத்துவது மட்டும் பெரிய வேலை, செலவும் அதிகம். தோள் சரியில்லை என்றால் அந்தக் கோட்டு வேண்டாம். பட்டனைப் பூட்டிப் பாருங்கள். வயிற்றருகே துணி பெருக்கல் குறி போல இழுத்தால் இறுக்கம் என்று அர்த்தம். கையைத் தொங்கவிட்டால் சட்டையின் கை அரை அங்குலம் வெளியே தெரிந்தால் அழகு.

அடுத்தது துணியும் நிறமும். காலையில் நடுங்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நடுவில் மேடு ஏற வேண்டும். பாலியஸ்டர் உள்ளே வேர்வையைத் தேக்கிவிடும். கம்பளிக் கலப்பு அதிகமுள்ளதே நல்லது. நிறம் கருநீலமோ அடர் சாம்பலோ போதும்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரி எடுங்கள். பின்பக்கப் பிளவில் குறுக்கே போட்டிருக்கும் தையலையும், கோட்டின் கைப்பகுதியில் வெளியே தைத்திருக்கும் கம்பெனி லேபிளையும் பிரித்துவிடுங்கள். அவை கடையில் இருக்கும்வரைதான். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் பூட்டுங்கள். உட்காரும்போது அதையும் கழற்றிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் அடையாளம். ஒரே ஒரு பொருள் போதும். எனக்குப் பிடித்தது நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் போடும் பூவேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைக் கோப்பார்கள். விரலால் தடவினால் நூல் மேடு மேடாகத் தட்டுப்படும். இந்தப் பூவேலை போட்ட கைக்குட்டையைக் கோட்டின் மார்புப் பையில் வைக்கும்போது கூம்பாக மடிக்காதீர்கள், துணி தடிமன், பை புடைத்துக்கொள்ளும். நேராக மடித்து, சிவப்புக் கோடு அரை அங்குலம் மட்டும் தெரிய வையுங்கள். அன்றைக்கு டை வெறும் ஒற்றை நிறமாக இருக்கட்டும். பெண்கள் கோட்டில் பெரும்பாலும் மார்புப் பை பெயருக்குத்தான் இருக்கும், அதனால் அதே வேலைப்பாட்டில் ஒரு குறுகிய ஸ்டோலைக் கழுத்தில் சுற்றலாம். அப்போது கம்மல் சின்னதாக இருந்தால் போதும். தோடர் பெண்களிடமே நேரில் வாங்கினால், அதைத் தைத்த கைக்கே பணம் போய்ச் சேரும்.

கடைசியாக மழை. ஊட்டியில் ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். நனைந்த கோட்டை ஹீட்டர் முன் காயப் போடாதீர்கள். அகலமான தோள் ஹேங்கரில் காற்றாட விட்டு, காய்ந்ததும் பிரஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். ஈரத்தோடு பீரோவில் பூட்டினால் காலர் மடிப்புக்குள் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் பீரோ கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.