உயிர் இரையில் பெரிய மீன்: முல்லைத்தீவுக் கடலில் தொடங்குகிறவர்களுக்கு

ஈட்டிபோல நீண்ட அலகுள்ள கொப்பரா மீன் (மார்லின்), மயில்மீன், பெரிய பாரை, அறக்குளா என்று ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த றொட், எந்த றீல் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, இரைமீனை எதில் வைத்துக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று. அரை உயிரோடு கிடக்கும் இரையை விலைகூடிய றீல் காப்பாற்றாது. ஆகவே இந்த விளக்கத்தில் பாதி இரையைப் பற்றித்தான்.

காலமும் காற்றும்

முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்க் கரைகள் கிழக்குக் கடலைப் பார்த்தவை. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது புதியவர்களுக்கு அங்கே வேலையில்லை. சோளகக் காலத்தில் காற்று தரையிலிருந்து வருவதால் கரையோரம் அமைதியாகத் தெரியும். அதை நம்பி ஏமாற வேண்டாம்: எஞ்சின் நின்றால் அதே காற்று போட்டை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். துடுப்பு, நங்கூரம், மிதப்பு அங்கி, தண்ணீர் படாமல் சுற்றிய போன் இவை கட்டாயம். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வாடியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரை பிடித்தல்

கும்பளாதான் என் முதல் தெரிவு. விடியப்புறம் ஐந்தாறு சின்னத் தூண்டில் கோத்த தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை)க் கூட்டத்துக்குள் இறக்கி மெல்ல ஏற்றி இறக்கினால் போதும். அது கிடைக்காத நாளில் மணலை மீன். தொடுவாய்ப் பக்கம் வீச்சு வலையில் எடுக்கலாம், லேசில் சாகாது.

மீனைக் கையால் பிடிக்காதீர்கள். தூண்டில் காம்பைப் பிடித்து, இரையை உயிரோடு வைக்கும் தண்ணீர்ப் பரலுக்கு மேலே கவிழ்த்தால் தானாக விழும். தொட்டே ஆகவேண்டுமென்றால் கையைக் கடல்நீரில் நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை பட்டால் செதிளும் வழுவழுப்பும் போய்விடும். அதன் பிறகு அந்த மீன் அதிக நேரம் நிற்காது.

பரல் வட்டமானதாக இருக்கட்டும். சதுரப் பெட்டியில் மீன் மூலைக்குப் போய் முட்டி மூக்கைச் சிவக்க வைத்துக்கொள்ளும். 60 லீற்றர் பரலில் ஆறேழு கும்பளாவுக்கு மேல் வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றால் கடல்நீரை உள்ளே விட்டு, மேல்துளையால் வழிய விடுவது நல்லது. பம்ப் இல்லாவிட்டால் வாளியால் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். இரை மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் தண்ணீரில் காற்றுக் குறைந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். சின்னச் சூரையைப் பரலில் வைக்க முடியாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. பிடித்த கையோடு தூண்டிலில் பூட்டி விடவேண்டும்.

பூட்டும் முறை

பாரைக்கு என்றால் முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால், முள்ளுக்கு மேலே தோலோடு தூண்டிலைக் குத்தினால் சரி. கொப்பராவுக்கு அப்படிச் செய்யாதீர்கள். நூல் கட்டுத்தான் நல்லது.

வலை பொத்தும் நைலோன் நூலில் சின்ன வளையம் போட்டு ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். மீனின் கண்குழியில், கண்மணிக்கு மேலே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. ஊசி அதற்குள்ளால் போய் மறுபக்கம் வரவேண்டும், கண்ணில் படக்கூடாது. இரு பக்க நூலையும் நெற்றிக்கு மேல் கொண்டுவந்து தூண்டிலில் மாட்டி, தூண்டிலை இரண்டு மூன்று முறை சுழற்றினால் நூல் இறுகும். கடைசியாகத் தூண்டில் முனையை நூலுக்கும் தலைக்கும் நடுவில் நுழைத்து எடுங்கள். இப்போது தூண்டில் நெற்றியில் நிமிர்ந்து நிற்கும், முனை முழுக்க வெளியே இருக்கும், இரையும் தடையில்லாமல் நீந்தும். முதலில் வீட்டில் செத்த மீனில் பழகுங்கள். கடலில் அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இது.

தூண்டில் முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டிலாக இருக்கட்டும். அது வயிற்றுக்குள் போகாமல் வாய் ஓரத்தில் பிடிக்கும். அறக்குளாவும் சீலாவும் பல்லால் அறுக்கும் என்பதால் அவற்றுக்குக் கம்பி வேண்டும். கொப்பராவுக்கு அப்படி வெட்டும் பல் இல்லை, ஆனால் அதன் அலகு அரம்போல உராயும். 80 இறாத்தல் தங்கூசிக்கு முன்னால் 200 முதல் 300 இறாத்தல் வரையான தடித்த தங்கூசி நாலைந்து மீற்றர் கட்டுங்கள். றீலின் பிடிப்பை (நூல் ஓடும்போது றீல் தரும் இறுக்கத்தை) வில்தராசால் இழுத்துப் பார்த்து நூலின் தாங்குபலத்தில் மூன்றிலொன்றுக்குள், ஏறக்குறைய 12 கிலோவில் வையுங்கள்.

இழுத்தலும் கடியும்

தண்ணீர் கடும் நீலமாக மாறும் கோடு, பறவை குத்தும் இடம், சின்னமீன் துள்ளும் இடம் இவைதான் தேடவேண்டியவை. இரையைப் பின்னால் இழுத்தபடி எஞ்சினை ஆகக் குறைந்த வேகத்தில், இரண்டு நொட் அளவில் விடுங்கள். சின்னப் போட்டுக்கு இரண்டு நூல் போதும், ஒன்று 20 மீற்றரில், மற்றது 40 மீற்றரில்.

றொட் நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரை சாதாரணமாக நீந்தும்போது நுனி சீராக ஆடும். திடீரென்று அது படபடவென்று நடுங்கினால் பெரியது ஒன்று பின்னால் வந்துவிட்டது. கொப்பரா முதலில் அலகால் அடிக்கும், பிறகு இரையைத் தலைப்பக்கம் திருப்பி விழுங்கும். நூலைத் தடையின்றி ஓடவிட்டு, சிக்காமல் இருக்க விரலால் லேசாக அணைத்தபடி ஐந்திலிருந்து பத்து வரை எண்ணுங்கள். பிறகு பிடிப்பை மெல்ல ஏற்றுங்கள். வெட்டி இழுக்க, அதாவது றொட்டைச் சட்டென்று சுண்டி இழுக்கக் கூடாது! வெட்டினால் வட்டத் தூண்டில் வாயை விட்டு வழுகி வந்துவிடும்.

போட்டருகே

இங்கே கைத்தூண்டிலில் பழகியவர்கள் தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடிப்பார்கள். இந்த மீன்களிடம் அது உயிர்போகும் பழக்கம். கையுறை போட்டு, உடனே விடக்கூடிய மாதிரிப் பிடியுங்கள், பக்கத்தில் ஒருவர் கத்தியோடு நிற்கட்டும். களைக்காத கொப்பராவை 18 அடிப் போட்டுக்குள் ஏற்ற நினைக்காதீர்கள். அந்த அலகு ஆளைக் குத்தும்.

மிகப் பெரிய கொப்பராக்கள் பெண் மீன்கள். என்னைக் கேட்டால் அவற்றை விட்டுவிடுவதுதான் முறை: போட் மெல்ல முன்னே போக, அலகைப் பிடித்துச் செவுளுக்குள் தண்ணீர் ஓடவிட்டு, உடம்பில் நிறம் திரும்பியதும் தங்கூசியைத் தூண்டிலோரம் வெட்டுங்கள். உடம்பளவு நீண்ட வால் கொண்ட கசை சுறா மாட்டினாலும் வெட்டி விடுங்கள், இலங்கையில் 2012 முதல் அதைப் பிடிக்கத் தடை. கறிக்கு வைத்திருக்கும் மீனை உடனே ஐஸில் போடுங்கள். சூரையும் கொப்பராவும் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் உருவாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது.