எஸ்எஸ்எச் உள்ளே போகிறது, விண்டோ மட்டும் திறக்கவில்லையா?

குலசேகரத்து வீட்டிலிருந்து நாகர்கோவில் கல்லூரி லேபின் லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே நுழைந்தாயிற்று. கட்டளைகள் ஓடுகின்றன. விண்டோ உள்ள புரோகிராமைத் திறந்தால் மட்டும் ‘கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்கிறது. எந்த முனையில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம், ‘பெரிய’ என்று சொல்லாத எழுத்தெல்லாம் சிறிய ஆங்கில எழுத்து.)

லினக்ஸில் விண்டோக்களை வரையும் முறையான எக்ஸ்11 கணக்கில் சர்வர் என்பது லேபில் இருப்பது அல்ல. விண்டோவை வரைந்து காட்டும் உங்கள் லேப்டாப்தான் சர்வர். லேபில் ஓடும் புரோகிராம் கிளையன்ட். ஆகவே விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் புரோகிராம் மட்டும் போதாது, விசிஎக்ஸ்எஸ்ஆர்வி போல ஒரு எக்ஸ் சர்வரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புட்டியில் எஸ்எஸ்எச் பகுதிக்குள் எக்ஸ்11 பக்கத்தில் ஃபார்வர்டிங் (விண்டோவை லேப்டாப்புக்கு அனுப்பும் வசதி) டிக் போடுங்கள். மோபாஎக்ஸ்டெர்மில் எல்லாம் உள்ளேயே உண்டு. மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ்.

படி 1: எஸ்எஸ்எச் -எக்ஸ் யூசர்@கணினி என்று இணையுங்கள். இது பெரிய எக்ஸ். சிறிய எக்ஸ் அடித்தால் ஃபார்வர்டிங் அணைந்துவிடும். புதியவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: உள்ளே போனதும் எக்கோ $டிஸ்ப்ளே அடியுங்கள் (டிஸ்ப்ளே முழுக்கப் பெரிய எழுத்து). லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்பதுபோல வந்தால் சுரங்கப்பாதை தயார். 10 என்பது 6010-ஆம் போர்ட், 6000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெறுமையாக வந்தால் கோளாறு பெரும்பாலும் லேப் முனையில். அங்கே விண்டோ திறக்கும் அனுமதியைக் கையாளும் எக்ஸ்ஆத் நிறுவியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, இடிசி கோப்புறைக்குள் எஸ்எஸ்எச் கோப்புறையில் இருக்கும் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் யெஸ் என்று இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எச் அதை இயல்பில் நோ என்றே வைத்திருக்கிறது. மாற்றினால் எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்து, வெளியேறி, மறுபடி இணையுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் நடப்பதை விவரமாகக் காட்டும் -வி சேர்த்து இணைந்து, வரும் வரிகளைப் படியுங்கள். பொறுமையிழந்து டிஸ்ப்ளேயை :0 என்று நீங்களே வைக்காதீர்கள். அது லேபில் இருக்கும் மானிட்டரைக் குறிக்கும்.

படி 3: மதிப்பு வருகிறது, விண்டோ வரவில்லை. முதலில் லேப்டாப்பில் எக்ஸ் சர்வர் ஓடுகிறதா பாருங்கள். அடுத்த சந்தேகம் சூடோ, அதாவது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் ஓட்டும் கட்டளை. அனுமதிக் குக்கி (விண்டோ திறக்க வேண்டிய ரகசியச் சாவி) உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் .எக்ஸ்அத்தாரிட்டி (முதல் எழுத்து பெரிய எக்ஸ்) கோப்பில் கிடக்கிறது. ரூட் அதைப் பார்ப்பதில்லை. வேறு வண்டிக்கு எழுதிய பர்மிட்டைக் காட்டிக் களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்ட முடியுமா? சூடோ இல்லாமல் திறந்து பாருங்கள். ஹோமில் இடம் தீர்ந்திருந்தாலும் அந்தக் குக்கியை எழுத முடியாது. மீதி இடத்தை டிஎஃப் -எச் கட்டளை சொல்லிவிடும்.

சுமார் 20 நிமிடம் கழித்துப் புதிய விண்டோக்கள் மறுக்கப்பட்டால் பெரிய எக்ஸுக்குப் பதில் பெரிய ஒய் போடுங்கள். ஆனால் அது முழு உரிமை தருவது. நீங்கள் தட்டும் விசைகளைக்கூட மறுமுனைப் புரோகிராம் படிக்கலாம். நம்பும் கணினிக்கு மட்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, கரண்ட் போவதும் வருவதும் சகஜம். இணைப்பு அறுந்து டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் வேலையைத் தொடர வைக்கும் புரோகிராம்) திரும்பினால், அங்கே பழைய டிஸ்ப்ளே மதிப்பே ஒட்டிக்கொண்டிருக்கும். டிமக்ஸுக்கு வெளியே புது மதிப்பைப் பார்த்து, உள்ளே எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=புது மதிப்பு என்று (டிஸ்ப்ளே முழுக்கப் பெரிய எழுத்து) அடித்தால் விண்டோ வரும்.